11 எம்எம் லேப்டாப் வாங்குனா தோள்வலி போயிடுமா?

இந்த வாரம் எடுத்துக்கிட்ட லெட்டர் திருப்பூர் பக்கத்துல இருந்து வந்தது. ஆளு யாருன்னு தெரியற விவரத்தையெல்லாம் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சொல்றேன். எழுதுனவங்க பனியன் கம்பெனிகளுக்கு ஜிஎஸ்டி, கணக்கு, ஸ்டாக் ஆடிட் பாத்துக் குடுக்கறவங்க, சொந்தமா பண்ற தொழில். மாசத்துல பாதி நாள் பயணம்தான், சென்னைக்கு ட்ரெயின், ஏத்துமதி சரக்கு நிக்கற தூத்துக்குடி குடோனுக்கு பஸ், எப்பவாச்சும் சூரத், அகமதாபாத்னு ஃப்ளைட். இப்ப கைல இருக்கறது தம்பி யூஸ் பண்ணிட்டுக் குடுத்த 15.6 இன்ச் கேமிங் லேப்டாப். அதுவே 2.3 கிலோ, செங்கல் மாதிரி ஒரு சார்ஜர் தனியா. ஒரே தோள்ல மாட்டற பேக். வலது தோள்ல வலின்னு டாக்டர்கிட்ட போனா சுமையைக் குறைங்கன்னுட்டாரு.

அப்புறம் ஷோரூம்ல 11 எம்எம் சொச்சம் தடிமன்ல ஆப்பிளோட மேக்புக் ஏர் ஒண்ணைத் தூக்கிப் பாத்திருக்காங்க, மனசு அங்கயே நின்னுடுச்சு. பட்ஜெட் 1,10,000. வீட்டுக்காரர் இவ்ளோ மெல்லிசா இருந்தா ஒரு தடவை பேக் மேல சாஞ்சாலே போச்சுங்கறாரு. சிங்கப்பூர்ல இருக்கற அண்ணன் நான் வரும்போது கொண்டாறேன்ங்கறாரு. கடைக்காரர் அலுமினியம் பாடி மேடம் ஒண்ணும் ஆகாது, ரேம் பத்தலைன்னா அப்புறமா ஏத்திக்கலாம்னு சொல்லியிருக்காரு. சூடாகிடுமோன்னு பயமும் இருக்கு, வாரண்டின்னா எல்லாத்துக்கும் கவர் ஆகும்னு நம்பிக்கையும் இருக்கு. இதுல யார் சொல்றது சரி, வாங்கலாமா வேண்டாமான்னு கேக்கறாங்க.

மேடம், கடைக்காரர் சொன்ன கடைசி வரியை மட்டும் மொதல்ல அழிச்சிடுங்க. மேக்புக் ஏர்ல மட்டுமில்ல, இன்னைக்கு விக்கற ரொம்ப மெல்லிசான லேப்டாப் அநேகமா எல்லாத்துலயும் ரேமை போர்டுலயே சோல்டர் பண்ணித்தான் வருது, இன்டெலோட லூனார் லேக் வரிசைல ப்ராசஸர் பேக்கேஜுக்குள்ளயே ரேம் இருக்கு. அப்புறமா ஏத்தறதுக்கு ஸ்லாட்டே கிடையாது. வாங்கற அன்னைக்கு 16 ஜிபின்னா கடைசி வரைக்கும் 16 ஜிபிதான். 8 ஜிபி மாடலை விலை கம்மின்னு தள்ளிவிடப் பாத்தா தொடாதீங்க.

மெல்லிசு வேற, எடை வேற

உங்க லெட்டர் பூரா மெல்லிசு மெல்லிசுன்னே வருது, ஆனா டாக்டர் சொன்னது எடையைத்தான். ரெண்டும் ஒண்ணுதான்னு ஷோரூம்ல நிக்கும்போது எல்லாருக்கும் தோணும், ஏன்னா விளம்பரமே அப்படித்தான் ஓடுது. 2008 ஜனவரில ஸ்டீவ் ஜாப்ஸ் மொதல் மேக்புக் ஏரை ஒரு ஆஃபீஸ் கவருக்குள்ள இருந்து உருவிக் காட்டுனாரே, அது இருக்கறதுலயே தடிமனான இடத்துல 1.94 சென்டிமீட்டர், எடை 1.36 கிலோ. 2025ல வந்த எம்4 மேக்புக் ஏர் 1.13 சென்டிமீட்டர், 1.24 கிலோ. தடிமன் நாப்பது பர்சென்ட் கிட்ட குறைஞ்சிருக்கு, எடை குறைஞ்சது வெறும் 120 கிராம். உங்க தோளுக்கு அந்த 8 எம்எம் தெரியப் போறதே இல்ல.

இன்னொரு பக்கம் பாத்தா எல்ஜி கிராம் 14 இன்ச், லெனோவோ திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் இதெல்லாம் ஏரை விடத் தடிமன்தான், ஆனா எடைல ஒரு கிலோவுக்கு முன்னப்பின்ன நிக்கும். காரணம் பாடி. அலுமினியத்துக்குப் பதிலா மெக்னீசியம் கலந்த உலோகம், கார்பன் ஃபைபர்னு போடறாங்க, ஒரே அளவு துண்டை எடுத்தா மெக்னீசியம் அலுமினியத்துல மூணுல ரெண்டு பங்கு எடைதான் வரும். என்ன, கையில பிடிச்சா பிளாஸ்டிக் மாதிரி தோணும், நடுவுல அழுத்துனா கொஞ்சம் உள்ள போகும், இவ்ளோ காசு குடுத்து இதுவான்னு வாங்கறவங்க மூஞ்சி சுருங்கும். ஷோரூம்ல ஜெயிக்கற பாடி ஒண்ணு, தோள்ல ஜெயிக்கற பாடி வேற ஒண்ணு.

அதனால இன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க. மளிகைக்கடைத் தராசுல உங்க பேக்கை அப்படியே வச்சுப் பாருங்க. அப்புறம் லேப்டாப்பை எடுத்துட்டுப் பாருங்க, அப்புறம் சார்ஜரையும் எடுத்துட்டு. கேமிங் லேப்டாப்போட சார்ஜரே அரைக் கிலோவுக்கு மேல வர்றது சாதாரணம். புதுசா வாங்கறது டைப்-சி சார்ஜிங்கா இருந்துச்சுன்னா 65 வாட் கேன் (GaN, சின்ன சைஸ்லயே அதிக வாட் குடுக்கற வகை) சார்ஜர் ஒண்ணு போதும், உள்ளங்கைல அடங்கும், அதுலயே ஃபோனும் ஏறிக்கும். லேப்டாப்ல ஒரு கிலோ, சார்ஜர்ல அரைக் கிலோன்னு குறைஞ்சா அதுவே பெரிய விஷயம், அதுக்கப்புறம் 100, 200 கிராமுக்காக 30,000 ரூபா கூடக் குடுக்கறது உங்களுக்கு வேண்டாத செலவு. கூடவே அந்த ஒத்தைத் தோள் பேக்கை விட்டுட்டு ரெண்டு தோள்லயும் மாட்டறதா வாங்குங்க, வலி எதனாலங்கறதை டாக்டர்கிட்டயே கேட்டுக்குங்க, அது என் ஏரியா இல்ல.

டோக்கன், டேலி, நம்பர்பேட்

இதைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை கூட எழுதல, ஆனா உங்க தொழிலுக்கு முடிவு பண்ணப்போறது இதுதான். உங்க டிராயர்ல டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், அதாவது ஆன்லைன்ல கையெழுத்து போட சொருகற பென்டிரைவ் மாதிரி குச்சி, எத்தனை கிடக்குன்னு எனக்குத் தெரியாது, ஆனா கணக்கு பாக்கறவங்க பலபேர்கிட்ட ஒரு டப்பா நிறைய இருக்கும், ஒவ்வொண்ணுலயும் கம்பெனி பேர் எழுதுன ஸ்டிக்கர் ஒட்டி. (அந்த டோக்கன் சொந்தக்காரர் கட்டுப்பாட்டுலதான் இருக்கணும்ங்கறதுதான் ஐடி சட்டம், அது தனிப் பஞ்சாயத்து, இன்னொரு நாள் பேசுவோம்.) நீங்க போற இடத்துல பாக்கற டோக்கன் பெரும்பாலும் பழைய சப்பை யூஎஸ்பி, அதாவது டைப்-ஏ. ரொம்ப மெல்லிசான லேப்டாப்ல அந்த ஓட்டை இருக்கறதுக்கு இடமே கிடையாது, டைப்-சி மட்டும்தான் இருக்கும். அப்ப டைப்-ஏ ஓட்டை இருக்கற ஒரு ஹப் வாங்கி டைப்-சில மாட்டணும், அதைத் தூக்கணும், மறந்துட்டுப் போனா 20ம் தேதி 3பி, அதாவது ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஃபைல் பண்ற அன்னைக்கு தூத்துக்குடில கடை கடையா அலையணும்.

மேக்ல இதுக்கும் மேல ஒரு சிக்கல் இருக்கு. கணக்கு எழுதற சாஃப்ட்வேர் டேலி ப்ரைம் விண்டோஸுக்குத்தான் இருக்கு, மேக்குக்குன்னு தனியா கிடையாது. மேக்குள்ள விண்டோஸை ஓட்டலாம், இல்ல டேலியை க்ளவுட்ல போட்டு ஓட்டலாம், வழி இருக்கு. ஆனா டோக்கன் டிரைவர் (டோக்கனை லேப்டாப் அடையாளம் கண்டுக்க வைக்கற சாஃப்ட்வேர்), போர்ட்டல்ல கையெழுத்து போட உதவற சைனர் சாஃப்ட்வேர் எல்லாம் சேத்து ஓடவைக்கறதுக்குள்ள உங்க பொறுமை போயிடும், மாசாமாசம் கெடு தேதி இருக்கற தொழில்ல அந்த வம்பு எதுக்கு. மேக்புக் ஏர் மோசம்னு நான் சொல்லல, எழுதறவங்களுக்கு, படிக்கற பசங்களுக்கு கண்ணை மூடிட்டு சொல்லுவேன், உங்களுக்கு சொல்ல மாட்டேன்.

விண்டோஸ்லயும் ஒரு கண்ணி இருக்கு. 2024 நடுவுல இருந்து ஸ்னாப்டிராகன் ப்ராசஸர் போட்டு நல்ல மெல்லிசா, பேட்டரி ரொம்ப நேரம் நிக்கற மாதிரி நெறைய வந்திருக்கு. பாக்க சாதாரண விண்டோஸ் லேப்டாப்தான், உள்ள இருக்கறது இன்டெல், ஏஎம்டில இருந்து வேற வகையான ஆர்ம் சிப். வழக்கமான சாஃப்ட்வேர் பெரும்பாலும் அதுல ஓடிடும், ஆனா டிரைவர்னு வந்தா ஆர்முக்குன்னே எழுதுனதுதான் வேணும், பழைய டிரைவர் ஏறாது. உங்க டோக்கன், க்ளையன்ட் ஆஃபீஸ்ல இருக்கற பழைய பிரின்டர், பார்கோடு ஸ்கேனர் எல்லாத்துக்கும் ஆர்ம் டிரைவர் இருக்கான்னு ஒவ்வொண்ணா தேடிட்டு உக்கார முடியாது. பில் போடறதுக்கு முன்னாடி ப்ராசஸர் பேரைப் படிங்க, இன்டெல் இல்லைன்னா ஏஎம்டி, அவ்ளோதான்.

கீபோர்டு இன்னொண்ணு. 13, 14 இன்ச்ல எண்ணுக்குன்னு வலப்பக்கம் தனியா இருக்கற நம்பர்பேட் பெரும்பாலும் இருக்காது. நாள் பூரா எண்ணு அடிக்கற கைக்கு மேல் வரிசைல எண்ணைத் தேடி அடிக்கறது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. தனி நம்பர்பேட் சின்ன விலைக்கே கிடைக்குது, அதையும் எடைக் கணக்குல சேத்துக்குங்க. அப்புறம் டேலில எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீப்ட், எஃப்8 சேல்ஸ்னு விரல் பழகியிருக்கும், புது லேப்டாப்ல எஃப்5 அடிச்சா கீபோர்டு லைட் எரியும், பாட்டு நிக்கும். நெறைய மாடல்ல எஃப்என் கீயையும் எஸ்கேப்பையும் சேத்து அமுக்குனா மாறிடும், கடையிலயே அமுக்கிப் பாத்துட்டு வாங்குங்க. மெல்லிசாக்கணும்னே கீயோட ஆழத்தைக் குறைச்சா என்ன ஆகும்ங்கறதுக்கு ஆப்பிளே சாட்சி. 2015ல 13.1 எம்எம் மேக்புக்ல பட்டர்ஃபிளை கீபோர்டுன்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க, துளி தூசி போனாலும் கீ மாட்டிக்கும், 2018ல இலவசமா சரிபண்ணித் தர்றோம்னு திட்டமே அறிவிக்க வேண்டியதாச்சு, அப்புறம் அமெரிக்காவுல கேஸாகி 2022ல 5 கோடி டாலர் குடுக்க ஒத்துக்கிட்டாங்க.

வீட்டுக்காரர் சொன்னது பாதி சரி

உடையும்ங்கறாரு. பாடி உடையாது, டிஸ்பிளேதான் போகும். மூடியை மெல்லிசாக்கும்போது டிஸ்பிளேக்குப் பின்னாடி இருக்கற தாங்கலும் மெல்லிசாயிடுது. எங்க ரிப்பேர் பெஞ்சுக்கு வர்ற பயண லேப்டாப்ல கீழ விழுந்து உடைஞ்சதை விட அழுத்தத்துல உடைஞ்சதுதான் அதிகம், மூடி மேல ஒரு கீறல் கூட இருக்காது, திறந்தா உள்ள ஒரு புள்ளில இருந்து கோடு கோடா பிரிஞ்சிருக்கும். கேட்டா ஒண்ணுமே பண்ணலைங்க, நைட்டு பேக்கைத் தலைமாட்டுல வச்சுத் தூங்குனேன்ம்பாங்க. இல்லைன்னா கீபோர்டு மேல பேனா மூடியோ இயர்ஃபோனோ கிடந்து அதோட மூடியிருப்பாங்க. கேமரா மேல ஒட்டற பிளாஸ்டிக் மூடி கூட ஆபத்து, அதை வச்சுக்கிட்டு மூடாதீங்கன்னு 2020லயே ஆப்பிள் எச்சரிச்சிருக்காங்க. டோக்கனை சொருகுனபடியே பேக்குல போடற பழக்கம் இருந்தா இன்னைக்கே விட்றுங்க, நெறைய மாடல்ல டைப்-சி போர்ட் மதர்போர்டுலயே சோல்டர் ஆகியிருக்கும், போர்ட் ஆடிப்போச்சுன்னா செலவு பெருசு. ட்ரெயின்ல தலைக்கு வச்சுப் படுக்கறதா இருந்தா லேப்டாப்பை வெளிய எடுத்துட்டுப் படுங்க.

சூட்டைப் பத்தி நீங்க பயப்படற அளவுக்கு இல்ல. மெல்லிசுல ஃபேன் சின்னது, சிலதுல ஃபேனே கிடையாது, தொடர்ந்து லோடு குடுத்தா சூட்டைக் குறைக்க தானே வேகத்தைக் குறைச்சுக்கும். வீடியோ எடிட் பண்றவங்களுக்கு அது இடிக்கும், எக்ஸெல், டேலி, ப்ரவுசர்ல பத்து டேப்னு ஓடற உங்களுக்கு பெருசாத் தெரியாது. குடோன் வெயில்தான் வேற கணக்கு, ஆப்பிள் தன் லேப்டாப்பை 10ல இருந்து 35 டிகிரிக்குள்ள யூஸ் பண்ணச் சொல்லுது, மே மாசம் தகரக் கூரைக்குக் கீழ 35ங்கறது காலைல டீ குடிக்கற நேரத்துலயே தாண்டிடும். அங்க சார்ஜ் போட்டுக்கிட்டே வேலை பாக்காதீங்க, பேட்டரிக்கு அதை விடக் கெடுதல் எதுவுமில்ல.

உங்க ஊர்ல இன்னொண்ணு இருக்கு, பஞ்சு. பனியன் கம்பெனில யூஸ் பண்ற லேப்டாப்பைப் பிரிச்சா ஃபேனுக்கும், சூட்டை வெளியேத்தற ஹீட்சிங்குக்கும் நடுவுல சாம்பல் கலர்ல ஒரு படலம் இருக்கும், ட்வீசர்ல பிடிச்சு இழுத்தா முழுசா ஒரே துண்டா உரிஞ்சு வரும். மெல்லிசு லேப்டாப்ல அந்த இடுக்கு இன்னும் குறுகல், சீக்கிரம் அடைச்சுக்கும். ஃபேன் இல்லாத மாடலுக்கு இந்தத் தொல்லையே இல்ல, அதுக்கு மார்க் போட்டே ஆகணும். ஃபேன் உள்ளதை வாங்குனீங்கன்னா துணிக்கட்டு மேல வச்சு வேலை பாக்காதீங்க, வருஷம் ஒருக்கா கிளீன் பண்ணக் குடுங்க.

பேட்டரியும் பவர்பேங்கும்

ட்ரெயின்ல சார்ஜ் போட்டுக்கலாம்னு எழுதியிருக்கீங்க. கோச்சுல நெறைய இடத்துல பிளக் 110 வோல்ட்தான், உங்க சார்ஜர்ல பொடி எழுத்துல 100-240 வோல்ட்னு இருந்தா ஒண்ணும் பிரச்னையில்ல. ராத்திரி 11ல இருந்து காலைல 5 மணி வரைக்கும் அந்த பாயின்ட்டுக்கு கரண்ட்டை நிறுத்தற வழக்கம் இருக்கு, அதனால நைட்டு சொருகிட்டுத் தூங்குனா காலைல ஃபுல்லா இருக்கும்னு நம்பாதீங்க. பவர்பேங்க் வச்சுப்பேன்ங்கறீங்க, 20,000 எம்ஏஹெச்சுன்னா 74 வாட் அவர் (சேமிக்கற சக்தியோட அளவு), எம்4 ஏரோட பேட்டரி 53.8 வாட் அவர், நடுவுல வீணாப் போறதைக் கழிச்சா ஒரு சார்ஜ் வந்தா பெருசு. அதுவும் 45 வாட்டுக்குக் குறையாம பிடி (பவர் டெலிவரி) சார்ஜிங் குடுக்கறதா இருக்கணும், ஃபோனுக்கு வச்சிருக்கறது லேப்டாப்புக்கு ஏறாது, இல்ல நத்தை வேகத்துல ஏறும். மெல்லிசு வாங்கி மிச்சம் பண்ண எடையை இதுலயே திரும்பத் தூக்கிட்டுப் போவீங்க. ஃப்ளைட்ல 100 வாட் அவருக்குள்ள இருக்கணும், கைப்பையிலதான் வைக்கணும், செக்-இன்ல போடக் கூடாது. பேட்டரியே பெருசா இருக்கற லேப்டாப்பை வாங்கிட்டு பவர்பேங்கை வீட்டுல வச்சுட்டுப் போறது உத்தமம்.

அண்ணன் கொண்டு வர்றதும் உங்க உரிமையும்

18 வயசு தாண்டுன பயணி ஒருத்தர் ஒரு லேப்டாப்பை டூட்டி இல்லாம கொண்டாரலாம், அதுல சட்டச் சிக்கல் இல்ல. யோசிக்க வேண்டியது வாரண்டியை. சில பிராண்ட் உலகம் பூரா பாக்கும், சில பிராண்ட் வாங்குன நாட்டுல மட்டும், சிலது இங்க பாக்கும் ஆனா வீட்டுக்கே வந்து பாக்கற ஆன்சைட் கிடையாதும்பாங்க. பாகமும் அந்த நாட்டு மாடல் நம்பருக்குன்னு வரவழைக்கணும், வாரக்கணக்குல நிக்கும். அதோட நீங்க ஜிஎஸ்டி பதிவு வச்சிருந்தா இங்க வாங்குனா கட்டுன 18 பர்சென்ட் வரியை இன்புட்டா கழிச்சுக்கலாம், வருமான வரில கம்ப்யூட்டருக்கு 40 பர்சென்ட் தேய்மானமும் உண்டு, உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல. கூட்டிக் கழிச்சா சிங்கப்பூர் விலை அவ்ளோ லாபமா எனக்குப் படல.

வாரண்டின்னா எல்லாத்துக்கும் கவர் ஆகும்னு நீங்க நினைக்கறதும் சரியில்ல. டிஸ்பிளே உடைஞ்சது, டீ கொட்டுனது எல்லாம் சாதாரண வாரண்டில வரவே வராது, அதுக்கு ஆக்சிடென்டல் டேமேஜ்னு தனியா எடுக்கணும், நீங்க வாங்கப்போற வகைக்கு அது கட்டாயம்னே சொல்லுவேன். பேட்டரிக்கு மட்டும் ஒரு வருஷம்தான்னு நெறைய பிராண்ட்ல தனிக் கணக்கு இருக்கும், அந்தப் பத்தியைத் தேடிப் படிங்க. தயாரிப்புலயே குறை இருந்து கடையும் கம்பெனியும் மாத்தி மாத்தி அலைய விட்டா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஃபோன் போட்டுப் புகார் பதிங்க. அதுக்கும் சரிவரலைன்னா 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்க இருக்கற மாவட்டத்து ஆணையத்துலயே கேஸ் போடலாம், வாங்குன ஊருக்குப் போக வேண்டியதில்ல, 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். தொழிலுக்கு வாங்குனதுன்னா நுகர்வோர் இல்லைன்னு எதிர்த்தரப்பு மடக்கப் பாக்கும். சொந்தப் பிழைப்புக்கு சுயதொழில் பண்றவங்க வாங்குனதுக்கு சட்டத்துலயே விலக்கு இருக்கு, அதனால பில் யார் பேர்ல வாங்கறதுன்னு ஒரு வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

சரி, எதை வாங்கறது

14 இன்ச், 1.2ல இருந்து 1.4 கிலோவுக்குள்ள, தடிமன் 16, 17 எம்எம் இருந்தாலும் பரவால்ல, இன்டெல் அல்லது ஏஎம்டி, 16 ஜிபி ரேம், ஒரு டைப்-ஏ போர்ட்டாவது, ஹெச்டிஎம்ஐ, டைப்-சி சார்ஜிங், 60 வாட் அவருக்குக் கிட்ட பேட்டரி, டேட்டா சேமிக்கற எஸ்எஸ்டியைக் கழட்டி மாத்தற மாதிரி. இப்படித் தேடுனா உங்க பட்ஜெட்டுக்குள்ளயே பார்த்துடலாம், மிச்சத்துல மூணு வருஷ ஆன்சைட்டும் ஆக்சிடென்டல் டேமேஜும் எடுங்க. ஒரு கிலோ சொச்சத்துலதான் வேணும்னா கம்பெனிகள்ல யூஸ் பண்ணி வந்த பழைய எக்ஸ்1 கார்பன் மாதிரி செகண்ட் ஹேண்ட் பாக்கலாம்னு யாராச்சும் சொல்லுவாங்க. தப்பில்ல, ஆனா விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபரோட நின்னுடுச்சு, இன்டெல்னா எட்டாவது தலைமுறைக்குக் கீழ தொடாதீங்க, பழைய கம்பெனியோட பாஸ்வேர்டு லாக் பயோஸ்ல (லேப்டாப் ஆன் ஆகும்போது மொதல்ல ஓடற சாஃப்ட்வேர்) இருக்கான்னு பாருங்க, விண்டோஸ் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி எவ்ளோ குறைஞ்சிருக்குன்னு பாக்காம காசு குடுக்காதீங்க.

புதுசு வந்ததும் மொத வேலையா, டிஸ்க்கை லாக் பண்ற விண்டோஸ் வசதியான பிட்லாக்கரோட ரெகவரி கீயை பேப்பர்ல எழுதி வைங்க. 48 இலக்கம் வரும். இப்ப வர்ற லேப்டாப் பலதுல நமக்கே தெரியாம டிஸ்க் லாக் ஆகித்தான் வருது, நாளைக்கு மதர்போர்டு மாத்துனா அந்தக் கீயைக் கேக்கும், இல்லைன்னா க்ளையன்ட் கணக்கு மொத்தமும் போச்சு, நாங்களும் ஒண்ணும் பண்ண முடியாது. கடையில மாத்திக்கற கெடு முடியறதுக்குள்ள எல்லா டோக்கனையும் ஒருதடவை சொருகி சைன் ஆகுதான்னு பாருங்க. பழைய கேமிங் லேப்டாப்பை எக்ஸ்சேஞ்ச்ல குடுத்தா சொற்பக் காசுதான் வரும். அதை வீட்டுல மேஜை மேல வச்சுக்குங்க, பெரிய ஸ்கிரீனும் நம்பர்பேடும் அதுலதான் இருக்கு, புதுசுல ஒரு 3பி முழுசா ஃபைல் பண்ணி முடிக்கற வரைக்குமாவது அதை அழிக்காதீங்க.